‘கொலனி’ என்னும் சொல்: பொருளும் வழக்கும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று, நற்பிட்டிமுனையைத் தாண்டி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசத்தை அடையலாம். மாரி மழை பெருகும் காலங்களில் இத்தாம்போதியின் மேலாக வெள்ளம் பாய்வதும், போக்குவரத்துத் தடைப்படுவதும், அக்கரையில் உள்ளோர் கல்முனைக்கு வரமுடியாமல் தவிப்பதும் இப்பகுதி மக்கள் நன்கறிந்த விடயங்கள். அப்பால் விரியும் வயல்வெளிகளின் நடுவே அமைந்த ஊர்களின் பெயர்களைக் கேட்கும் புதியவர் ஒருவர் சற்று வியப்படைவார். அன்னமலை, வேப்பையடி, சவளக்கடை, சாளம்பைக்கேணி, வீரத்திடல், சொறிக்கல்முனை என மண்ணோடும் மரத்தோடும் நீரோடும் ஒட்டிய தமிழ்ப் பெயர்கள் ஒருபுறம். 5ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி, 15ஆம் கொலனி என இலக்கமும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த பெயர்கள் மறுபுறம்.

இரண்டாம் வகைப் பெயர்களில் உள்ள ‘கொலனி’ என்ற சொல்லை அங்கு வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தினமும் பயன்படுத்துகின்றனர். பஸ் நடத்துனர் அதைக் கூவுகின்றார். பாடசாலை மாணவன் அதைத் தன் முகவரியில் எழுதுகின்றான். திருமண அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் அது இடம்பெறுகின்றது. அதே மாணவன் வரலாற்றுப் பாடநூலைத் திறக்கும்போது, இலங்கை பிரித்தானியரின் ‘கொலனி’யாக இருந்தது என்றும், அந்த நிலை 1948இல் முடிவுக்கு வந்தது என்றும் படிக்கின்றான். ‘அவ்வாறாயின் எங்கள் ஊர் மட்டும் ஏன் இன்னும் கொலனியாக இருக்கின்றது?’ என்று அவன் வினவினால் அவனுக்கு நாம் கூறவேண்டிய விடை என்ன?

இவ்வினா சொல்லகராதியோடு முடிந்துவிடுவதன்று. காணி, குடியிருப்பு, உரிமை ஆகியவை பற்றி எமது சமூகங்கள் நடத்திவரும் விவாதங்கள் பலவற்றில் இச்சொல்லும் அதன் தமிழாக்கங்களும் குழப்பத்தை விளைவித்து வருகின்றன. எனவே இதன் பிறப்பையும் பயணத்தையும் இன்றைய வழக்குகளையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

உழவிலிருந்து பிறந்த சொல்

‘கொலனி’ என்பது இலத்தீன் மொழியின் ‘கொலோனியா’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அதன் வேர் ‘கொலேரே’ என்னும் வினைச்சொல். உழுதல், பயிரிடுதல், ஓரிடத்தில் வாழ்ந்து அதனைப் பேணுதல் என்பன அதன் பொருள். உழவனை உரோமர் ‘கொலோனுஸ்’ என்றனர். வேளாண்மையைக் குறிக்கும் ‘அக்ரிகல்சர்’, பண்பாட்டைக் குறிக்கும் ‘கல்சர்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரில் கிளைத்தவையே. தமிழிலும் குடியிருத்தலும் உழவும் நெருங்கிய சொற்களாக இருப்பதை இங்கு ஒப்புநோக்கலாம். உழுதுண்போரை நாம் ‘குடியானவர்’ என்கின்றோம் அல்லவா?

உரோமர் தாம் வென்ற நிலங்களில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குக் காணி வழங்கிக் குடியமர்த்தினர். அத்தகைய குடியிருப்பே ‘கொலோனியா’ எனப்பட்டது. காணியைப் பெற்றவன் உழவன். ஆயினும் அவன் அங்கு அமர்ந்திருப்பதே அந்நிலத்தின் மீதான உரோம ஆட்சிக்கு அரணாகவும் அமைந்தது. ஆக, உழவு, ஆதிக்கம் ஆகிய இரு பொருள்களும் இச்சொல்லில் தொடக்கத்திலேயே கலந்துவிட்டன எனலாம்.

அக்கால ‘கொலோனியா’க்கள் சில இன்றும் பெயரளவில் வாழ்கின்றன. ஜேர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50இல் உரோமக் கொலோனியாவாகத் தரமுயர்த்தப்பட்டு அப்பெயரைப் பெற்றது. இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் பின்பாதியும் இதுவே. எம் வீடுகளில் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் நனைத்துப் போடும் ‘ஓடிக்கொலோன்’ என்பதன் பொருள் ‘கொலோன் நகரத்து நீர்’ என்பதாகும். 7ஆம் கொலனியில் ஒரு தாய் ஓடிக்கொலோன் போத்தலை எடுக்கும்போது ஒரே இலத்தீன் சொல்லின் இரு வடிவங்கள் அவ்வீட்டில் சந்திக்கின்றன என்பது சுவையான செய்தி.

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் ‘கொலோனுஸ்’ என்பவனின் நிலை தாழ்ந்தது. கி.பி. 332இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன் பிறப்பித்த கட்டளையொன்றின்படி, நிலத்தை விட்டு ஓடிய குத்தகை உழவன் மீண்டும் அந்நிலத்திற்கே கொண்டுவரப்பட வேண்டியவனானான். நிலம் உழவனுக்குரியது என்ற நிலைமாறி, உழவன் நிலத்திற்குரியவன் என்ற நிலை உருவானது.

முடிக்குரிய கொலனி

பதினைந்தாம் நூற்றாண்டின் பின்னர் ஐரோப்பியர் கடல்கடந்து நாடுகளைக் கைப்பற்றியபோது இப்பழைய சொல்லுக்குப் புதிய பொருள் ஏற்பட்டது. இக்காலக் கொலனிகளில் இருவகையுண்டு. ஐரோப்பியர் பெருந்தொகையாகச் சென்று குடியேறி, அம்மண்ணின் பூர்வீக மக்களை ஒதுக்கிய நாடுகள் ஒருவகை. 1788இல் கைதிகளைக் கொண்டு பிரித்தானியர் தொடக்கிய அவுஸ்திரேலியக் குடியேற்றம் இதற்கு உதாரணம். 1962இல் விடுதலை பெறும்வரை அல்ஜீரியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியேறிகளும் இவ்வகையினரே. சிறு தொகையான அதிகாரிகளும் படையினரும் வணிகரும் மட்டும் வந்து, நாட்டின் வளத்தையும் உழைப்பையும் ஆண்ட நாடுகள் மற்றைய வகை. இலங்கை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1802இல் அவற்றைப் பிரித்தானிய முடிக்குரிய கொலனியாக்கினர். 1815இல் கண்டி இராச்சியமும் அவர்கள் வசமானது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி வரை நாம் அந்த வகைக் கொலனியாகவே இருந்தோம். 1960 டிசம்பர் 14ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் இலக்கத் தீர்மானம், கொலனி ஆட்சியை அதன் எல்லா வடிவங்களிலும் விரைவாக முடிவுறுத்த வேண்டும் எனப் பிரகடனம் செய்தது. அதன் பின்னர் ‘கொலனி’ என்பது எந்த அரசும் தன் ஆட்சிப் பரப்பிற்குச் சூட்ட விரும்பாத பெயராயிற்று.

எனினும் சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, சுதந்திர இலங்கையின் அரசாங்கம் கிழக்கின் காடுகளுக்குள் ‘கொலனி’களை உருவாக்கத் தொடங்கியது. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அன்று எவரும் கருதவில்லை. ஏனெனில் அவர்கள் மனதில் இருந்தது உழவனைக் குறிக்கும் பழைய பொருளே.

கல்லோயாவும் இலக்கமிட்ட ஊர்களும்

பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரத்திற்கான பணிகள் 1949 ஓகஸ்டில் தொடக்கிவைக்கப்பட்டன. அதே ஆண்டு 51ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அணைக்கட்டை அமைக்கும் பணி மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. சுமார் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடிய இந்நீர்த்தேக்கத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வழியே வயல்களும் ஊர்களும் திட்டமிடப்பட்டன. நில அளவையாளர்கள் வரைபடத்தில் ஊர்களை இலக்கமிட்டுக் குறித்தனர். மக்கள் வருமுன்னரே இலக்கங்கள் வந்துவிட்டன. காணி பெற்று வந்த குடும்பங்கள் அந்த இலக்கங்களையே ஊர்ப்பெயராக ஏற்றுக்கொண்டன. ‘சென்றல் கேம்ப்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கிய பெயர் ‘மத்திய முகாம்’ எனத் தமிழாகி நிலைத்தமையும் இவ்வாறே.

இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள மக்களும், வாய்க்கால்களின் கடைமுனைகளை அண்டிய இன்றைய நாவிதன்வெளிப் பகுதியில் தமிழ், முஸ்லிம் மக்களும் காணி பெற்றனர். கரையோர ஊர்களில் போடிமாரின் வயல்களில் முல்லைக்காரராக உழைத்த பலருக்கு, சொந்தப் பெயரில் ஓர் அனுமதிப்பத்திரம் என்பது தலைமுறை காணாத பேறாக அமைந்தது. அவர்களைப் பொறுத்தவரை ‘கொலனிக்காரன்’ என்ற சொல், ‘வயல் உள்ளவன்’ என்பதற்கு நிகரானது. அதில் இழிவு எதுவும் இருக்கவில்லை.

சிங்கள மொழி இத்தகைய ஊர்களை ‘ஜனபதய’ என்கின்றது. அது நாடு, மக்கள் வாழிடம் என்ற பொருளில் வடமொழியில் வழங்கிய ‘ஜனபத’ என்பதன் வழிவந்தது. அதன் செவியொலியில் பழைய அரசுகளின் நினைவு உண்டு. ஆங்கிலக் ‘கொலனி’யில் பேரரசின் நினைவு உண்டு. தமிழின் ‘குடியேற்றம்’ என்ற சொல்லிலோ வேறொரு நினைவு சேர்ந்துகொண்டது. அதனை அடுத்து நோக்குவோம்.

உடன்படிக்கைகளில் இடம்பெற்ற சொல்

அரசு காணி வழங்குகையில் யாருக்கு வழங்குவது என்ற வினா எழுவது இயல்பு. கிழக்கில் இவ்வினா இனவிகிதாசாரத்துடன் பிணைந்தது. 1956 ஜூன் மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டத்தை அடுத்து மூண்ட வன்செயல்களில் கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளில் உயிர்கள் பல பலியாகின. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

1957 ஜூலையில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குடியேற்றத் திட்டங்களுக்குக் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு வழங்கப்படும் என இணங்கப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் காணி வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கும், அடுத்து அவ்விரு மாகாணங்களிலும் வாழும் தமிழ் பேசுவோருக்கும், அதன் பின்னர் ஏனைய பிரசைகளுக்கும் என்ற முன்னுரிமை ஒழுங்கு குறிக்கப்பட்டது. முதலாவது ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டது. இரண்டாவதும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு ஒப்பந்தங்களிலும் கொலனிகளே வேண்டாம் என்று கூறப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காணி பெறுவோரை யார் தெரிவுசெய்வது, எந்த ஒழுங்கில் தெரிவுசெய்வது என்பதே பேசுபொருளாக இருந்தது.

ஆனால் பிற்கால அரசியல் பேச்சில் இந்த வேறுபாடு மங்கியது. ‘குடியேற்றம்’ என்றாலே ஆக்கிரமிப்பு என்ற பொருள் மேலோங்கியது. அரசின் கொள்கை மீதான கண்டனம், அக்கொள்கையால் காணி பெற்ற ஏழை உழவன் மீதான பகையாகவும் மாறியது. இது சிங்களக் குடியேற்றவாசி விடயத்தில் மட்டும் நிகழவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நோக்கியும் இதே சொல்லை எறிந்துள்ளனர். மூன்று தலைமுறையாக ஒரே வளவில் பிறந்து வளர்ந்த பிள்ளையை ‘வந்தேறி’ என்று சொல்வதற்கு இச்சொல் வழிவகுத்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் இதே மண்ணில் உண்டு. 1980களின் முற்பகுதியில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் அமைப்புகளை உருவாக்க உதவின. நீர்த்தட்டுப்பாடு நிலவிய போகத்திலும், வாய்க்காலின் தலைப்பகுதி விவசாயிகள் தமது முறையைச் சுருக்கிக் கடைமுனைக்கு நீர் விட்டனர். சிங்கள, தமிழ் விவசாயிகளுக்கிடையிலும் இவ்விணக்கம் ஏற்பட்டது. இதனை நேரில் ஆய்ந்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூல், உலகெங்கும் நீர்ப்பாசன நிபுணர்களால் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அரசியல்வாதியின் ‘கொலனி’க்கும் உழவனின் ‘கொலனி’க்கும் உள்ள தூரத்தை இது உணர்த்துகின்றது.

குடியும் குடியேற்றமும்

‘குடியேற்றம்’ என்ற சொல்லின் முற்பகுதியான ‘குடி’ எமது பிரதேசத்தில் தனிப்பொருள் உடையது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ‘குடி’ என்பது தாய்வழி வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. கோயிலில் குடிகளுக்கென உரிமைகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிவழி மரைக்காயர் முறை நிலவியது. தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டும் இக்குடிமரபில் ஒன்றுபட்டு நிற்பது, இத்தீவின் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணக்கிடைக்காத சிறப்பாகும். இம்மரபின்படி வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாகச் செல்கின்றன. மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்கின்றான்.

கொலனிக் காணிகளுக்குப் பொருந்திய சட்டமோ வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைத் துண்டாடவோ அனுமதியின்றிக் கைமாற்றவோ இயலாது. காணி பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை செயற்படும். அதில் மகளுக்கு முன்னர் மகனும், இளையவருக்கு முன்னர் மூத்தவரும் வைக்கப்பட்டிருந்தனர். வாழ்க்கைத்துணைக்குச் சீவிய உரித்து மட்டுமே உண்டு. பெண்வழிச் சீதன மரபுக்கு இங்கு இடமில்லை. பெண்பிள்ளைகளுக்கும் பங்கு வகுக்கும் முஸ்லிம் வழியுரிமை முறையும் இக்காணிகளுக்குப் பொருந்தவில்லை.

விளைவு யாது? கரையோர ஊரில் வீடு மகளுக்கு. கொலனியிலோ வயல் மூத்த மகனுக்கு. ஒரு குடும்பம் கிட்டங்கியைக் கடந்து மேற்கே வந்து காணி பெற்றதும் அதன் பெண்கள் மரபால் பெற்ற இடத்தைச் சட்டத்தால் இழந்தனர். பெற்றோர் மகளுக்கெனக் கட்டிக்கொடுத்த வீடு, பத்திரத்தில் அண்ணன் பெயரிலுள்ள வளவில் நிற்கும். உடன்பிறந்தாரிடையே சுமுகம் நிலவும்வரை இதனால் தொல்லையில்லை. சுமுகம் குலைந்தால் பிரதேச செயலகத்தின் காணிப்பிரிவில் ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும். 2022இல் செய்யப்பட்ட திருத்தம் ஆண்களுக்கு முன்னுரிமை அளித்த ஏற்பாட்டை நீக்கியது. இது வரவேற்கத்தக்கது. எனினும் அதற்கு முன்னர் இறந்தவர்களின் காணிகளில் ஏற்கெனவே தீர்ந்துபோன உரித்துகள் வேறு கதை. பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவுசெய்யும் உரிமை எப்போதும் இருந்து வந்தது. அதைப் பயன்படுத்தாது விட்டதே பல பிணக்குகளுக்குக் காரணம். கொலனிக் காணி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தமது அனுமதிப்பத்திரத்தை அல்லது அளிப்புப் பத்திரத்தை எடுத்து, அதில் பின்னுரித்தாளர் பதியப்பட்டுள்ளாரா என்று பார்ப்பது நன்று.

தமிழகத்துக் ‘காலனி’

பாக்குநீரிணைக்கு அப்பால் இச்சொல் ‘காலனி’ என்று எழுதப்படுகின்றது. பாதணியைக் குறிக்கும் ‘காலணி’யோடு இதனை மயங்கி எழுதுவோரும் உளர். ஒன்று இரண்டு சுழி னகரம், மற்றது மூன்று சுழி ணகரம்.

தமிழக நகரங்களில் ‘ரயில்வே காலனி’, ‘ஹவுசிங் போர்டு காலனி’ என்பன உத்தியோகத்தரும் நடுத்தர வகுப்பினரும் வாழும் இடங்கள். டெல்லியின் ‘டிஃபன்ஸ் காலனி’ செல்வந்தர் வாழும் பகுதி. ஆனால் தமிழகக் கிராமத்தில் ‘ஊர்’, ‘காலனி’ என இரண்டாகப் பிரித்துப் பேசினால் அதன் பொருள் முற்றிலும் வேறு. ஆதிதிராவிட மக்களுக்கு அரசு ஒதுக்கிய குடியிருப்புகள் ‘காலனி’ எனப் பெயர் பெற்றன. ‘சேரி’ என்ற சொல்லின் இழிவை அகற்ற வந்த இச்சொல் காலப்போக்கில் அதே இழிவைத் தானும் சுமந்தது. ‘எங்கே வீடு?’ என்ற வினாவுக்குக் ‘காலனி’ என்று விடை கூறுவது சாதியைக் கூறுவதாக முடிந்தது.

இந்நிலையில் 2025 ஏப்ரல் 29ஆம் திகதி தமிழக சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்பட நடவடிக்கை எடுக்கப்படும் என அறிவித்தார். 1997இல் மு. கருணாநிதி ஆட்சியில் தொடங்கப்பட்ட, பல சாதியினரையும் அருகருகே குடியமர்த்தும் திட்டத்திற்குச் ‘சமத்துவபுரம்’ எனப் பெயரிடப்பட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. பெயரை மாற்றினால் மட்டும் இழிவு அகலாது என்பதற்குச் ‘சேரி’ ‘காலனி’ ஆன வரலாறே சான்று. ஆயினும் மனிதர்மேல் சுமத்தப்பட்ட பெயரை அம்மனிதர்கள் வேண்டாம் என்னும்போது அதனை வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை.

நாவிதன்வெளியின் கொலனிகளுக்கு இத்தகைய சாதிப் பொருள் இல்லை. ஆனால் ‘நாவிதன்வெளி’ என்ற பெயரிலேயே ஒரு தொழிற்சாதியின் பெயர் அமைந்திருக்கின்றது. கிழக்கில் ‘வெளி’ என்பது வயற்பரப்பு. அப்பெயர் இன்று ஒரு பிரதேச செயலகத்தின், ஒரு பிரதேச சபையின் பெயராக, எல்லாச் சமூகத்தாராலும் தயக்கமின்றிக் கூறப்படுகின்றது. ஒரே வகைச் சொல் ஓரிடத்தில் வடுவாகவும் மற்றோரிடத்தில் வெறும் முகவரியாகவும் இருக்கலாம் என்பதற்கு இது அண்மைச் சான்று.

அறபு மொழியில்

அறபு மொழியில் கொலனியை ‘முஸ்தஃமரா’ என்பர். கொலனித்துவம் ‘இஸ்திஃமார்’ ஆகும். முஸ்லிம் நாடுகளின் விடுதலைப் போராட்ட இலக்கியத்தில் மிகவும் வெறுக்கப்பட்ட சொற்களுள் ஒன்று இது. ஆயினும் இதன் வேர்ச்சொல் ஆக்கத்தையும் குடிவாழ்வையும் குறிப்பது. அல்குர்ஆனின் ஹூத் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில், இறைவன் மனிதரைப் பூமியில் வாழவைத்தான் என்னும் நற்பொருளில் இவ்வேரின் வினைவடிவம் வந்துள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு கல்தூன், மனித நாகரிகத்தைக் குறிக்க ‘உம்ரான்’ என்ற சொல்லைத் தம் முகத்திமாவில் ஆண்டார். அதுவும் இதே வேர்தான். இலத்தீனில் உழவைக் குறித்த சொல் போலவே, அறபியில் பூமியைச் செழிக்கச் செய்தலைக் குறித்த சொல்லும் ஆதிக்கத்தின் பெயராக மாறியமை வியப்புக்குரிய ஒப்புமை.

பலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் இஸ்ரேல் அமைத்துவரும் குடியிருப்புகளை எமது பத்திரிகைகள் ‘குடியேற்றங்கள்’ என்றே எழுதுகின்றன. இங்கு ஒரு சட்ட வேறுபாட்டை வாசகர் மனங்கொள்ள வேண்டும். ஆக்கிரமிப்பு வல்லரசு தன் குடிமக்களை ஆக்கிரமித்த நிலத்திற்கு மாற்றலாகாது என 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா சாசனத்தின் 49ஆம் உறுப்புரை தடைசெய்கின்றது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தும் இக்குடியேற்றங்கள் சட்டவிரோதமானவை என்றது. ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் பிரசைகளுக்குக் காணி பகிர்வது நீதியாகவும் அமையலாம், அநீதியாகவும் அமையலாம். ஆனால் அது வேறு அளவுகோலால் அளக்கப்பட வேண்டியது.

ஏனைய வழக்குகள்

இச்சொல்லின் பிற பயன்பாடுகளைச் சுருக்கமாகக் கூறலாம். உயிரியலில் எறும்பு, தேனீ, பவளம், பக்றீரியா ஆகியவை கூட்டமாக வாழும் நிலை கொலனி எனப்படும். இதற்குக் ‘கூட்டுயிர்த்தொகுதி’ என்றோ ‘சமுதாயம்’ என்றோ எழுதலாம். கைதிகளை நாடுகடத்தி வைத்த அந்தமான் போன்ற இடங்கள் தண்டனைக் கொலனிகள். நோயாளரை ஒதுக்கி வைத்த இடங்களும் கொலனி எனப்பட்டன. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலை எம்மவருக்குத் தெரிந்த உதாரணம்.

எந்தப் பொருளுக்கு எந்தச் சொல்?

மேற்கூறியவற்றை நோக்கின், எல்லாவற்றிற்கும் ‘குடியேற்றம்’ என்ற ஒரே சொல்லை ஆளும் பழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். அந்நிய ஆட்சியைக் ‘கொலனித்துவம்’ அல்லது ‘குடியேற்றவாதம்’ என்க. அரசின் காணிப் பகிர்வால் உருவான ஊரைக் ‘குடியேற்றத் திட்டம்’ என்க. போரினாலோ வெளியேற்றத்தினாலோ தம் சொந்த ஊரை இழந்தோர் திரும்புவதை ‘மீள்குடியேற்றம்’ என்க. நாடு விட்டு நாடு வருவதும் போவதும் ‘குடிவரவு’, ‘குடியகல்வு’. உரிமையற்ற காணியில் அத்துமீறி இருத்தல் ‘அத்துமீறிய குடியிருப்பு’. அனர்த்தத்தால் வீடிழந்தோருக்குக் கட்டித்தருவது ‘வீட்டுத்திட்டம்’.

இப்பிரிப்பு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் முசலிப் பிரதேசத்திற்குத் திரும்பியபோது, 2015 அளவில் பெரும் சர்ச்சை எழுந்தது. சொந்த ஊர் திரும்புதல், புதிய இடத்தில் குடியமர்தல், வனச்சட்டம் ஆகிய மூன்று தனித்தனி வினாக்களும் ‘கொலனி’ என்ற ஒரே கூச்சலுக்குள் அமிழ்ந்துபோயின. எமது மாவட்டத்திலேயே, 2004 சுனாமியில் வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு எந்த விகிதத்தில் வழங்குவது என்ற வழக்கினால் நீண்டகாலம் பூட்டிக் கிடந்தன. வீட்டுத்திட்டம் ஒன்று ‘குடியேற்றம்’ என்ற அச்சத்தின் கண்கொண்டு நோக்கப்பட்டதன் விலையை, கடலில் அனைத்தையும் இழந்த குடும்பங்களே செலுத்தின.

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட மாணவனின் வினாவுக்கு வருவோம். அவனுடைய ஊர் ஆளப்படும் கொலனி அன்று. அரசிடம் காணி பெற்று, காட்டை வயலாக்கி, வெள்ளத்திலும் வரட்சியிலும் போரிலும் அதனைக் கைவிடாது பேணிய உழவரின் ஊர். இலத்தீன் மொழியில் இச்சொல் முதன்முதலில் எதைக் குறித்ததோ அதற்கு மிக அண்மையில் நிற்பது அவனது ஊரே. அப்பகுதி மக்களில் பலர் இப்போது ‘7ஆம் கிராமம்’, ‘15ஆம் கிராமம்’ என்றும் எழுதி வருகின்றனர். யாரும் கட்டளையிட்டு இம்மாற்றம் நிகழவில்லை. இலக்கத்தை வைத்துக்கொண்டு கொலனியை விட்டுவிட்டார்கள். அதுவா இதுவா என்பதை அவ்வூர் மக்களே தீர்மானிக்கட்டும். அவர்களின் காணிப் பத்திரங்களைச் சீராக்குவதும், கிட்டங்கியில் வெள்ளத்தைத் தாண்டி நிற்கும் பாலமொன்றை உறுதிசெய்வதும் அரசின் கடன். அவ்வூரவரை வந்தேறிகள் என்று அழைக்காதிருப்பது எமது கடன்.